தமிழ் வழியே சீனம்: சத்துவாச்சாரி மாடி வகுப்பு பற்றி

வேலூர் பக்கம் சீன மொழி கற்றுக்கொள்ள யாராவது வழி கேட்டால், சத்துவாச்சாரியில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பைத்தான் சொல்வேன். பெயர்ப் பலகை கிடையாது, விளம்பரம் கிடையாது. தன் பெயரைப் போட வேண்டாம் என்று டீச்சர் கேட்டுக்கொண்டதால் நானும் டீச்சர் என்றே எழுதுகிறேன். 'சைனீஸ் டீச்சர் வீடு' என்று கேட்டால் அந்தத் தெருவில் காய்கறி வண்டிக்காரர்கூட வழி காட்டிவிடுவார்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். தோலுக்கு நாங்கள் எங்கேயும் போக வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று சுற்றிலும் டேனரிகள்தான். ஆனால் பக்கிள், ஜிப், ஐலெட், சில வகை லைனிங் துணி எல்லாம் சீனாவிலிருந்துதான் எங்களுக்கு வருகின்றன. தொங்குவான், வென்சோ என்ற இரண்டு ஊர்ப் பெயர்களும் எங்கள் ஆபீசில் திருப்பத்தூர், குடியாத்தம் அளவுக்குப் புழங்கும். முன்பு வீசாட் என்ற சீன மெசேஜ் ஆப்பில் பேசிக்கொண்டிருந்தோம். 2020 ஜூனில் அது தடையானதும் மெயிலும் மொழிபெயர்ப்பு ஆப்பும் என்றாகிவிட்டது. கலரும் அளவும் ஆப்பில் சரியாக வந்துவிடும். எதிராளி தயங்குகிறாரா, கோபமாக இருக்கிறாரா, 'முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன்' என்று மழுப்புகிறாரா என்பது அதில் வராது. அதற்காகத்தான் மொழியையே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

முதலில் ஆன்லைனில் ஒரு வகுப்பில் பணம் கட்டினேன். எல்லாமே ஆங்கிலம் வழியாக. இந்தச் சீன ஒலி இந்த ஆங்கிலச் சொல்லில் வருவது மாதிரி, இந்த வாக்கியம் ஆங்கிலத்தில் இப்படி இருக்கும், சீனத்தில் அதைப் புரட்டிப்போட வேண்டும் என்றே போகும். ஒரு மொழியைப் பிடிக்க இன்னொரு மொழியின் முதுகில் ஏறி உட்கார வேண்டியிருந்தது. பாதியில் விட்டுவிட்டேன். இந்த டீச்சரிடம் வந்தபிறகுதான், சீனத்துக்குத் தமிழிலிருந்தே நேராகப் போகலாம், பல இடங்களில் அதுதான் கிட்டின வழி என்று தெரிந்தது.

டீச்சருக்கு இந்த ஈடுபாடு அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது. சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963 ஆகஸ்டில் தொடங்கியது. சிற்றலையில் அதைப் பிடித்துக் கேட்டு, கடிதம் எழுதிப் போட்டு, பதிலுக்கு வரும் காலண்டரையும் காகித வெட்டுச் சித்திரங்களையும் சேர்த்துவைத்த நேயர்கள் நம் ஊர்களில் நிறைய இருந்தார்கள். அவர் அப்பாவும் அதில் ஒருவர். சீனக்காரர்கள் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு, தூய தமிழில் செய்தி வாசித்ததைக் கேட்டு வளர்ந்தவர் டீச்சர். "அவங்க அவ்வளவு தூரத்துல இருந்து நம்ம மொழியைக் கத்துக்கிட்டாங்க. நாம திருப்பிச் செய்ய வேண்டாமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் சும்மா கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு கணவருக்குத் தோல் டெக்னீஷியனாக தொங்குவானில் வேலை கிடைத்தது. அங்கே போனவர் வீட்டோடு இருக்காமல் குவாங்சோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மொழியை முறையாகப் படித்தார். ஊர் திரும்பியதும் மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு, ஒரு பச்சைப் பலகையை மாட்டி, வகுப்பைத் தொடங்கிவிட்டார்.

ஒலிப்பைச் சொல்லித்தரும் விதத்துக்கே தனியாக மார்க் போடலாம். முதல் வகுப்பில் எல்லோரையும் 'வாழைப்பழம்' சொல்லச் சொன்னார். நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு அது வாயப்பயம்தான். ழகரம் நாக்கில் ஒழுங்காக உட்கார்ந்தபிறகு, "இதே இடத்துலதான் சீனத்து ர-வும் இருக்கு, நாக்கை நகர்த்தாதீங்க" என்றார். சீன ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் ஆர் போட்டு எழுதும் அந்த ஒலி நம் ழகரத்துக்கு மிகவும் நெருக்கம். வேலூர் வெயிலில் நாங்கள் கற்ற முதல் வாக்கியமும் அந்த ஒலியில்தான் முடிந்தது: ஜின்தியென் ஹென் ழெ. இன்றைக்கு ரொம்பச் சூடு. சித்திரை மாதத்து மாடியில் அதை உணர்ச்சியோடு சொல்ல யாருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை.

அடுத்தது ப, த, க. சீனத்தில் மூச்சை விடாமல் சொல்லும் 'ப' ஒன்று, மூச்சை விட்டுச் சொல்லும் 'ப' ஒன்று. சொல்லின் முதலில் நாம் சொல்லும் பால், பாய் எல்லாம் முதல் வகை. அது நமக்குப் பிறவியிலேயே வருகிறது. இரண்டாவதைத்தான் பழக வேண்டும். டீச்சர் ஒரு பஸ் டிக்கெட்டை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். 'பாவ்' என்றார், டிக்கெட் அசையவில்லை: வயிறு நிறைந்தது என்று அர்த்தம். மறுபடியும் 'பாவ்' என்றார், டிக்கெட் படபடத்தது: ஓடு என்று அர்த்தம். அப்புறம் ஆளுக்கொரு டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டார். பத்து வயதுப் பையனும் ஐம்பது வயது டேனரி சூப்பர்வைசரும் எதிரெதிரே உட்கார்ந்து பஸ் டிக்கெட்டை ஊதிக்கொண்டிருந்தார்கள். அன்று பிடிபட்டது இன்றுவரை யாருக்கும் தவறவில்லை.

இதனால்தான் அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. விளக்கம் எல்லாம் தமிழில்தான். ஆனால் சீன ஒலியைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்க விடமாட்டார். இரண்டு 'பாவ்'-க்கும் நம்மிடம் ஒரே எழுத்துதானே? 1958-ல் சீனா ஏற்றுக்கொண்ட பின்யின் முறையில்தான் எழுத வேண்டும். இங்கே நான் தமிழில் எழுதுவது படிக்கிறவர்கள் வசதிக்காக மட்டும்.

சீனத்தில் குரலின் ஏற்ற இறக்கத்தால் சொல்லின் பொருளை மாற்றும் நான்கு சுரங்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் பயப்படுவதும் அதற்குத்தான். டீச்சர் அதை ஒரு 'ம்' வைத்துத் தீர்த்தார். போனில் கதை கேட்கும்போது நீட்டிச் சொல்லும் 'ம்'. காது கேட்காதபோது மேலே ஏற்றிக் கேட்கும் 'ம்?'. நம்பாமல் இழுத்து, கீழே போய் மேலே வரும் 'ம்ம்'. சரி, போய் வா என்று வெட்டிச் சொல்லும் 'ம்'. இந்த நாலும் தெரிந்தவருக்குச் சுரம் புதிதில்லை, அதைச் சொல்லுக்குள் கொண்டுவருவதுதான் வேலை என்றார். அந்த வாரம் முழுக்க என் வீட்டில் நானும் பையனும் 'ம்' மொழியிலேயே பேசிக்கொண்டோம்.

உறவுமுறைகள் வந்தபோது வகுப்பே களைகட்டியது. ஆங்கிலத்தில் சகோதரன் என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். சீனத்தில் அண்ணன் வேறு, தம்பி வேறு, அக்கா வேறு, தங்கை வேறு. அப்பாவின் அண்ணன் வேறு, அப்பாவின் தம்பி வேறு. தாய்மாமனுக்குத் தனி முறை, அப்பாவின் தங்கைக்குத் தனி முறை. டீச்சர் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து, அதில் 'நல்வரவை விரும்பும்' என்று போட்டிருந்த உறவுக்காரர்களை ஒவ்வொருவராகச் சீன முறையில் கூப்பிடச் சொன்னார். மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை, பெரியப்பா போய் பெரியப்பாவிலேயே உட்கார்ந்தார்.

இலக்கணமும் அப்படித்தான். கேள்விக்கு நாம் கடைசியில் 'ஆ' போடுகிறோம், அவர்கள் கடைசியில் 'மா' போடுகிறார்கள். 'நான் வாங்கிய ஷூ' என்பதில் வாங்கியது முன்னால், ஷூ பின்னால்; சீனத்திலும் அதே வரிசை. வினைச்சொல்லை மட்டும் நம்மைப்போல வாக்கியக் கடைசியில் வைக்காமல் நடுவில் வைக்க வேண்டும். அதற்குக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

எழுத்து வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். மற்ற இடங்களில் ஒன்று, இரண்டு, மூன்று, மலை, தண்ணீர் என்றுதான் தொடங்குவார்கள். இவரும் அதைச் சொல்லித்தருகிறார். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் தோல் தொழிலைச் சேர்ந்தவர்கள் என்பதால், சீக்கிரமே 'ஷியே' என்ற எழுத்துக்கு வந்துவிட்டார். ஷியே என்றால் ஷூ. பதினைந்து கோடுகள். இடது பாதியில் ஒன்பது கோட்டில் 'கெ' என்று ஓர் எழுத்து நிற்கும், அதற்குத் தோல் என்று பொருள். டீச்சர் அதைப் பலகையில் பெரிதாக, மெதுவாக எழுதினார். மேலே குறுக்கே ஒரு கோடு, அதை வெட்டி இரண்டு சின்னச் செங்குத்துக் கோடுகள், அவற்றை மூடி இன்னொரு கோடு. அதன் கீழே ஒரு சின்னப் பெட்டி. பெட்டிக்கு அடியில் நீளமாக ஒரு குறுக்குக் கோடு. கடைசியாக மேலிருந்து கீழ்வரை நடுவே ஒரே இழுப்பு. "மேல தலை, நடுவுல விரிச்ச உடம்பு, கீழ வால்" என்றார். பேரணாம்பட்டிலிருந்து வரும் ஒரு அண்ணன் உடனே, "இது எங்க டாக்ளிங் ஃபிரேம்ல மாட்டின தோல் மாதிரியே இருக்கு டீச்சர்" என்றார். உரித்து விரித்த மிருகத் தோலின் படம்தான் அந்த எழுத்தானது என்று டீச்சர் சொன்னதும் அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

அதோடு விடவில்லை. தோலுக்குச் சீனத்தில் 'பீ' என்றும் ஒரு எழுத்து உண்டு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். கி.பி. 100 வாக்கில் எழுதி முடித்த ஒரு சீன அகராதியில், மயிர் நீக்கிய தோலைத்தான் கெ என்பார்கள் என்று போட்டிருப்பதைச் சொன்னார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு மயிர் எடுக்கிற வேலையைத் தினமும் பார்க்கிறவர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. நானும் அன்றிலிருந்து சப்ளையர் அனுப்பும் சீன விலைப்பட்டியலில் அந்த ஒன்பது கோட்டைத் தேடிக் கண்டுபிடிக்கிறேன். பூட்ஸுக்கான எழுத்திலும் அதுவே இடது பக்கம் நிற்கிறது.

பண்பாட்டுக்கென்று மாதத்தில் ஒரு ஞாயிறு ஒதுக்கியிருக்கிறார். அன்று நோட்டு வேண்டாம். ஒருமுறை சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் கிடைத்த கல்வெட்டின் படத்தைக் காட்டினார். 1281-ல், குப்லாய் கானின் காலத்தில், அங்கே குடியிருந்த தமிழ் வணிகர்கள் எழுப்பிய சிவன் கோயிலின் கல்வெட்டு. மேலே தமிழ், அடியில் சீன எழுத்து. சக ஆண்டு 1203, சித்திரை மாதம் என்று அதில் இருப்பதைச் சொல்லி, இன்னொரு படம் எடுத்தார். அது இலங்கையில் காலியில் கிடைத்தது. 1409 தேதியிட்டது, சீனக் கப்பல் தளபதி செங் ஹ வைத்த கல். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தெற்கு இலங்கைக் கோயில் தெய்வமான தென்னாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்குக் காணிக்கை சொல்லியிருக்கிறது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிபுரத்துக்கு வந்த யுவான் சுவாங்கைப் பற்றிப் பள்ளிப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். காஞ்சிபுரம் இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். நம் ஊருக்கும் அவர்கள் ஊருக்கும் போக்குவரத்து இருந்தது என்பதைப் பரீட்சைக்குப் படிக்கும்போது தோன்றாத அளவுக்கு அன்று கிட்டத்தில் பார்த்தேன்.

இன்னொரு ஞாயிறு தேநீர். மூடி போட்ட சின்னக் கிண்ணத்தில் ஊலாங் இலையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூடியைச் சாய்த்து இலையைத் தடுத்து, குட்டிக் கோப்பைகளில் ஊற்றினார். பாலில்லை, சர்க்கரையில்லை. அதே இலையில் மறுபடி மறுபடி வெந்நீர் ஊற்றுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் ருசி மாறுகிறது. யாராவது நம் கோப்பையில் ஊற்றும்போது இரண்டு விரலால் மேஜையில் லேசாகத் தட்ட வேண்டும், அது குவாங்தொங் பக்கம் நன்றி சொல்லும் முறை. விசிட்டிங் கார்டு கொடுப்பதும் வாங்குவதும் இரண்டு கையாலும். எட்டாம் மாதத்துப் பௌர்ணமியில் வரும் நிலாப் பண்டிகைக்கு நிலாக் கேக் இங்கே கிடைக்கவில்லை என்று ஆற்காடு மக்கன் பேடா வாங்கிவைத்திருந்தார். மொட்டைமாடியில் பாய் விரித்து, குடும்பத்தோடு கூடி உட்கார்வதுதான் அந்தப் பண்டிகை என்பதால் எங்கள் வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிவரச் சொன்னார். என் மாமியாரும் வந்தார். இன்றைக்கும் அவருக்கு அந்த வீடு 'பேடா டீச்சர் வீடு'தான்.

இத்தனையும் எப்போதும் சுலபமாக நடந்ததில்லை. 2020-ல் இந்திய-சீன எல்லையில் நடந்த கல்வான் மோதலுக்குப் பிறகு, எதற்கு இந்த மொழி என்று தெருவிலேயே கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளை நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. டீச்சர் யாரிடமும் வாதாடவில்லை. "எல்லையில நிக்கிறவங்களுக்கும் அந்த மொழி தெரிஞ்சவங்க வேணும், எழுத்துப் பிழையில்லாம ஆர்டர் போடறவங்களுக்கும் வேணும்" என்று சொல்லிவிட்டு, மிஞ்சியிருந்த ரெண்டு மூன்று பேரை வைத்து வகுப்பை நடத்தியிருக்கிறார். அந்த மனசுக்காகவே நான் இதை எழுதுகிறேன்.

குறைகளும் சொல்லவேண்டும். பெரியவர்களையும் பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைப்பதால் வேகம் ஒத்துவருவதில்லை. பிள்ளைகள் சுரத்தை ஒரே நாளில் பிடித்துவிடுகிறார்கள். இலக்கண விளக்கம் வந்தால் நெளிகிறார்கள். எங்களுக்கு நேர் எதிர். தனித்தனியாகப் பிரித்தால் இரண்டு தரப்புக்கும் நல்லது. கதைக்குள் போய்விட்டால் டீச்சர் திரும்பி வர நேரமாகும். கல்வெட்டு நாளில் வகுப்பு முடியும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. கோடையில் கொட்டகையில் ரெண்டு மின்விசிறி போதவே போதாது. மின்சாரம் போனால் கீழே கூடத்தில் நெருக்கி உட்காரவேண்டியிருக்கும். வராத நாளின் பாடத்தைப் பதிவு செய்து தரும் வழக்கமும் கிடையாது.

எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் திறன் தேர்வுக்காக மட்டும் வருகிறவர்கள் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். பழைய ஆறு படி முறையில் முதல் படிக்கு 150 சொற்கள், இரண்டாவதற்கு 300, மூன்றாவதற்கு 600. 2021-ல் ஒன்பது படிகள் கொண்ட புதிய அளவுகோலும் வந்திருக்கிறது. சொற்பட்டியலை மனப்பாடம் செய்ய வைத்து, மாதிரித் தாளாகப் போட்டுத் தள்ளும் இடம் இது இல்லை. கேட்டால் தனியாக உட்கார்ந்து பயிற்சி தருகிறார், அதற்குக் கூடுதல் கட்டணம்கூட வாங்குவதில்லை. ஆனால் நீங்களாகக் கேட்க வேண்டும். வி.ஐ.டி.யில் படிக்கும் ஒரு பையன் அப்படிக் கேட்டு வாங்கித்தான் இரண்டாம் படியை முடித்தான்.

வேலைக்கு உதவுமா என்று கேட்பவர்களுக்கு என் அனுபவம். போன மாதம் தொங்குவான் லைனிங் சப்ளையரோடு வீடியோ காலில் கனம் பற்றிப் பேச்சு வந்தது. அவர்கள் பக்கத்தில் ஆங்கிலம் தெரிந்த பெண் லீவு. மெயிலில் 1.2 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தும் சாம்பிள் மெலிதாக வந்திருந்தது. "ஈ தியென் அர் ஹாவ்மி" என்று துணியை விரலில் பிடித்துக் காட்டிச் சொன்னேன். அந்த மனிதர் திகைத்து, சிரித்து, யாரிடம் படித்தாய் என்று கேட்டார். இந்தியாவில், என் ஊரில், என் டீச்சரிடம் என்றேன். அன்று சாயங்காலமே புது சாம்பிள் கூரியரில் போட்டுவிட்டதாக மெயில் வந்தது. நான் பேசியது உடைந்த சீனம்தான். ஆனாலும் இப்போதெல்லாம் எங்கள் மெயிலுக்கு அவர்கள் முதலில் பதில் போடுகிறார்கள்.

செய்யாறு சிப்காட்டில் தைவான்காரர்களின் ஷூ ஆலை பல வருடமாக ஓடுகிறது, பனப்பாக்கத்திலும் ஒன்று வருகிறது. அங்கே வேலைக்கு முயல்பவர்களுக்கு இந்த வகுப்பு நிச்சயம் கைகொடுக்கும். தைவானில் பழைய முழு வடிவ எழுத்துகளை எழுதுகிறார்கள், டீச்சர் சொல்லித்தருவது சீனாவின் சுருக்க வடிவம். முதல் நாளிலேயே செய்யாறு என்று சொல்லிவிட்டால் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்காட்டுவார். நம்ம ஷியே எழுத்து ரெண்டிலும் ஒன்றேதான்.

கட்டணம் பெரியவர்களுக்கு மாதம் 1,200 ரூபாய், பள்ளிப் பிள்ளைகளுக்கு 800. பாடத்தாள்கள் அவர் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்தவை, அதற்குத் தனியாகக் காசு இல்லை. அடுத்த புதிய பேட்ச் பொங்கல் கழித்துத் தொடங்குகிறது. போகிறவர்கள் பேனா வேண்டாம், பென்சிலும் பெரிய கட்டம் போட்ட கணக்கு நோட்டும் எடுத்துப்போங்கள். காலையில் சீக்கிரமே போனால் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைக்கும். சேருவதற்கு முன்னால் ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்கவும் விடுகிறார், பிடித்திருந்தால் அடுத்த வாரம் பணம் கட்டினால் போதும்.